கார்டின் பின்பக்கம்

உத்தமபாளையம்
22.6.2008

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் ரஃபியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் சல்மாவும் அல்லாஹ் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். தோஹாவில் வெயில் கொளுத்துகிறதாமே. தலையில் துண்டு போட்டுக்கொண்டுதான் சைட்டுக்குப் போகிறீர்களா? அதை முதலில் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நாம் எங்கே பேசுகிறோம்? பைப்பில் தண்ணீர் வந்ததா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாயிற்றா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் எல்லாவற்றுக்கும் 'ம்' சொல்கிறேன். மனதில் உள்ளதைச் சொல்ல வாயெடுக்கும்போது காசு தீர்ந்து போன் நின்றுவிடுகிறது. அதனால் இனிமேல் மாதம் ஒரு கடிதம் எழுதுவது என்று வைத்திருக்கிறேன். நீங்களும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நெல்லிக்காய் ஊறுகாய் வராது.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "ஏ.டி.எம். கார்ட எடு, பின்னால கட்டங்கட்டமா நம்பர் இருக்கும், ஒண்ணு விடாம வாசி" என்றீர்கள். எதுக்கு என்று கேட்டேன். "பாங்க்ல கேக்குறாக, நீ வாசி" என்றீர்கள். வாசித்தேன். வாசித்தேன், வாசித்தேன், முடியவே இல்லை. சல்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "அம்மா வாய்ப்பாடு ஒப்பிக்குறாக" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். முடித்துவிட்டுத் திரும்பினால் பால் பொங்கி அடுப்பே அணைந்து கிடக்கிறது. அந்தப் பாலுக்கு உங்கள் பாங்கிடம் காசு கேட்டு வாங்கித் தாருங்கள்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஆரிபுக்குப் பெண் அமைந்துவிட்டது. கம்பத்துப் பெண், பெயர் ஷர்மின். அவளைப் பெற்ற அத்தா ஏலக்காய் வியாபாரி, பேச்சு குறைவு, கையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற மனிதர். நோன்பு முடிந்து பெருநாள் கழித்து நிக்காஹ். எங்கள் அத்தா மவுத்தானதற்குப் பிறகு என் தம்பிக்கு இருக்கிற ஒரே பெரிய ஆள் நீங்கள்தான். மாப்பிள்ளைக்கு மாலை நீங்கள் போட வேண்டும், பெண்ணுக்குக் கருகமணி நான் கட்ட வேண்டும். நீங்கள் வரும் தேதியைக் கேட்டுக் கேட்டு நச்சரிக்கிறான். கல்யாணச் செலவு ஒரு பக்கம் இருக்க, தன் பிரவுசிங் சென்டரில் புதிதாக இரண்டு கம்ப்யூட்டர் வேறு வாங்கிப் போட்டிருக்கிறான். கடன் வாங்கித்தான். அவனுக்கு வேகம் அதிகம், நீங்கள் வந்து கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.

லீவு கேட்டுவிட்டீர்களா?

உங்கள்
ரஃபியா


தோஹா
11.7.2008

ரஃபியாவுக்கு நௌஷாத் எழுதுவது. ஸலாம்.

போனில் நீ அழுத அழுகையில் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை. கவனமாக வாசி.

நம் கணக்கில் ஒரு பைசா இல்லை. வீட்டுக்கு மாடி எடுக்கலாம் என்று நான் இங்கே சோற்றைக் குறைத்துச் சேர்த்தது அவ்வளவும் போயிற்று. இன்டர்நெட் வழியாக மூன்று தடவையாக மாற்றியிருக்கிறார்கள். வடக்கே ஏதோ ஊர்களில் யார் யார் பெயரிலோ போயிருக்கிறது. பாங்கில் பேசினேன். பாஸ்வேர்டு தெரிந்தவர்தான் இதைச் செய்திருக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். இன்னொருவன், போன லீவில் தன் கடையில் உட்காரவைத்து எனக்கு அதை உண்டாக்கிக் கொடுத்தவன். பணம் மாற்றக் கார்டின் பின்பக்க நம்பரும் வேண்டும், அந்தக் கார்டு உன் வீட்டில் இருக்கிறது. உன் வீட்டுக்குள் நினைத்த நேரம் வந்து போகிறவன் யார்? இரண்டு கம்ப்யூட்டர் எங்கிருந்து வந்தது என்று நீயே யோசி. நான் சொல்லவே வேண்டாம், நீயே எழுதியிருக்கிறாய்.

நான் அசட்டையாக இருந்தேன் என்று ஒருவனும் சொல்ல முடியாது. போன மாதம்கூட, கணக்கு விவரத்தைச் சரிபார்க்காவிட்டால் ஒரே நாளில் முடக்கிவிடுவோம் என்று பாங்கிலிருந்து மெயில் வந்தது. யாரிடமும் போய் நிற்கவில்லை. உன்னை வாசிக்கச் சொல்லி, அவர்கள் கேட்ட எல்லாவற்றையும் அன்றைக்கே நிரப்பி அனுப்பினேன். பாங்க் என்றால் எனக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். எங்கள் அத்தாவின் நகைக்கடன் ஏலத்துக்கு வந்தபோது பாங்க் வாசலில் போர்டில் பெயரை ஒட்டினார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் அதை வாசித்தது நான். கூட வந்த பையன்களும் வாசித்தார்கள். அன்றிலிருந்து பாங்க் சமாச்சாரம் எதையும் நான் மறுநாளைக்குத் தள்ளியதில்லை. அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன் பணத்தை வீட்டுக்குள் இருந்தே எடுத்திருக்கிறார்கள்.

ஷரீப் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், அவர் பார்த்துக்கொள்வார். உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆரிப் பணத்தைக் கொண்டுவந்து வைக்கிற வரை உன் அம்மா வீட்டு வாசலை மிதிக்காதே. அவனையும் நம் வீட்டுக்குள் விடாதே. கல்யாணப் பேச்சு எதுவும் என்னிடம் பேசாதே. லீவு கேட்டிருந்தேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சல்மாவுக்கு என் முத்தம்.

நௌஷாத்


உத்தமபாளையம்
3.8.2008

அன்புள்ள மச்சானுக்கு,

ரஃபியாவின் ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றபடி சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நீங்கள் சொன்னபடியே நடந்துகொண்டேன். அம்மா வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. அந்தத் தெரு முக்குக்குக்கூடப் போகவில்லை. பக்கத்து வீட்டு ஜக்கம்மா வழியாக அம்மா ஒரு தூக்குச்சட்டியில் கறிக்குழம்பு கொடுத்துவிட்டது. சட்டியைக் காலியாகத் திருப்பக் கூடாதே என்று சர்க்கரை போட்டு அனுப்பினேன். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. ஜக்கம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது.

ஷரீப் மச்சான் ஆரிபின் சென்டருக்குப் போனார். காலேஜ் அப்ளிகேஷன் போட வந்த பிள்ளைகள் வாசல் வரை நின்றிருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னாலும், "களவாணிப் பயலே, எந்தம்பி சம்பாத்தியத்துலயா கம்ப்யூட்டர் வாங்குன" என்று சத்தம் போட்டிருக்கிறார். கடன் வாங்கிய காகிதத்தை ஆரிப் எடுத்து நீட்டியிருக்கிறான். ஷரீப் மச்சான் அதைப் பார்க்கவே இல்லையாம். மறுநாளிலிருந்து சென்டருக்கு ஆள் வருவதில்லை. பஸ் ஸ்டாண்டில், பள்ளிவாசலில், மாவு மில்லில் எல்லாம் இதே பேச்சு.

ஆரிப் இங்கே வந்தான். நீங்கள் சொன்னபடி உள்ளே கூப்பிடவில்லை. வாசல்படிக்குக் கீழே நின்றான். பிறந்ததிலிருந்து என் இடுப்பில் கிடந்த பிள்ளை மச்சான் அவன். "நீ எடுத்தியாடா?" என்று கேட்டேன். "நீயும் கேட்டுட்டியாக்கா" என்றான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான், ஏறி மிதிக்கவில்லை. நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

பிறகு ஷரீப் மச்சானோடு பாங்குக்குப் போனேன். யுவராணி என்று ஓர் ஆபீசர், தேனிப் பெண், புதிதாக வந்திருக்கிறார். புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, பழைய கணக்கை மூடி நம் இரண்டு பேர் பெயரிலும் புதுக் கணக்கும் புது கார்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, "கார்டு பின்னால உள்ள நம்பர யாருக்காச்சும் சொன்னீகளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஷரீப் மச்சான், "எங்க வீட்டுப் பொம்பளைக அப்படியெல்லாம் வெளியாளுக்குச் சொல்ல மாட்டாக" என்று சொல்லிவிட்டார். நானும் பேசாமல் நின்றேன். புருஷனிடம் சொன்னது வெளியாளிடம் சொன்னதாகுமா? அந்த நேரம் எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் பால் பொங்கிய நாள் ஞாபகத்துக்கு வந்தது.

கோபப்படாமல் வாசியுங்கள். பாங்க் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். பாங்கின் பெயரைச் சொல்லி மெயில் வரும், பாஸ்வேர்டு கேட்கும், கொடுக்காதீர்கள் என்று தமிழிலேயே போட்டிருக்கிறது. உங்களுக்கு வந்த அந்த மெயில் பாங்கிலிருந்துதான் வந்ததா? நன்றாகத் தெரியுமா மச்சான்?

தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள்
ரஃபியா


தோஹா
24.8.2008

ரஃபியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதினோரு வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறவனிடம், மெயில் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாய். நன்றாக இருக்கிறது. சுவரில் ஒட்டிய தாளை நம்புகிறாய், புருஷனை நம்பவில்லை.

அந்த மெயிலில் பாங்கின் சின்னம் இருந்தது. அதே நிறம், அதே எழுத்து. அதில் அழுத்தினால் வந்த பக்கமும் நான் தினம் பார்க்கிற பக்கம்தான், அச்சு அசல். எனக்குக் கண் இருக்கிறது. இது உன் தம்பியைக் காப்பாற்ற அவன் சொல்லிக் கொடுத்த கதை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இன்னொன்றும் கேள். பாங்க் இப்போது தானாகவே எனக்கு எழுதியிருக்கிறது. தவறு அவர்கள் பக்கம் நடந்ததாம், போன பணத்தைத் திருப்பித் தருகிறார்களாம். ஒரு வாரத்துக்குள் விவரம் அனுப்ப வேண்டும். வாசித்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. இந்த அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம், பணம் போனதை ஒருத்தரிடமும் நான் மூச்சு விடவில்லை. இத்தனை நாள் தனியாகவே மென்று முழுங்கினேன். அல்லாஹ் கண்ணைத் திறந்தான் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றுதான் அந்த மெயிலை உன் ஐ.டி.க்கும் அனுப்பியிருக்கிறேன். ஆரிபின் சென்டருக்குப் போகாமல் வேறு எங்காவது போய்ப் பார்த்துக்கொள்.

விவரம் எல்லாம் நிரப்பிவிட்டேன். புது கார்டின் பின்பக்கத்து எண்கள் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறேன், கார்டைக் கையில் வைத்திரு. அந்தக் கணக்கில்தான் என் சம்பளமும், ஷரீப் அண்ணன் திராட்சை விற்றுக் கொடுத்த பங்கும் கிடக்கிறது. அதோடு பழைய பணமும் சேர்ந்துவிட்டால் பெருநாளுக்கு முன்பே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடலாம்.

ஷர்மினின் அத்தா எனக்குப் போன் செய்தார். "உங்க மச்சினன் மேல ஒரு பேச்சு அடிபடுதே, நெசமா?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது, ஊர்லயே விசாரிச்சுக்கங்க" என்றேன். திருடன் என்று என் வாயால் சொல்லவில்லை. உனக்காக அந்த மட்டுக்கு மரியாதை வைத்திருக்கிறேன்.

நௌஷாத்


உத்தமபாளையம்
12.9.2008

அன்புள்ள மச்சானுக்கு,

ரஃபியாவின் ஸலாம். நோன்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூட்டிக் குறைத்து எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டு நான் வாசிக்கவில்லை. "முடியாது மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து உங்களிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பிறகு போன் அடித்துக்கொண்டே இருந்தது. சல்மா எடுக்க ஓடினாள், நான் விடவில்லை. ஏன் என்று கேளுங்கள்.

அதற்கு முந்தின நாள் பஸ் ஏறிக் கம்பத்துக்குப் போனேன். அங்கே ஒரு சென்டரில் நீங்கள் அனுப்பிய மெயிலைப் பிரிண்ட் எடுத்தேன். நேரே நம்மூர் பாங்குக்கு வந்தேன். ஷரீப் மச்சானைக் கூப்பிடவில்லை. ஆண் துணை இல்லாமல் நான் பாங்குக்குள் போனது அன்றுதான். யுவராணியிடம் தாளை நீட்டி, "இது நீங்க அனுப்புனதா?" என்று கேட்டேன்.

அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை, மேலே இருந்த விலாசத்தில் பேனாவை வைத்தார். "முன்னால பாங்க் பேரு இருக்கா, அத விடுங்க. கடைசில என்ன இருக்குன்னு பாருங்கக்கா" என்றார். கடைசியில் வாயில் நுழையாத வேறு ஏதோ பெயர். பிறகு, "உங்க வீட்டுக்காரர் பேரு எங்களுக்குத் தெரியாதா? இதுல வாடிக்கையாளரேன்னு மொட்டையா இருக்கு பாருங்க. ஊருல உள்ள எல்லாத்துக்கும் ஒரே மெயில வீசுவாங்க, எவன் பயப்படுறானோ அவன் சிக்குவான்" என்றார். கணக்கை முடக்குவோம், ஒரே நாள், ஒரே வாரம் என்று அவசரப்படுத்துவது அதற்காகத்தானாம். யோசிக்கவோ பக்கத்தில் ஒருத்தரைக் கேட்கவோ நேரம் கொடுக்கக் கூடாதாம். அந்தப் பக்கம் அச்சு அசலாக இருந்தது என்று எழுதியிருந்தீர்களே, அதையும் கேட்டேன். சின்னத்தையும் நிறத்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாமாம். மெயிலில் இருப்பதை அழுத்தக் கூடாது, பாங்கின் விலாசத்தை நாமே அடித்துத்தான் உள்ளே போக வேண்டும் என்றார். "பாஸ்வேர்டும் கார்டு நம்பரும் எங்க மேனேஜரே வந்து கேட்டாலும் குடுக்காதீக" என்றார்.

நான் அப்போது சொல்லிவிட்டேன் மச்சான். போன தடவை அந்த நம்பர்களை நீங்கள் கேட்டு நான் வாசித்தேன் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "பாஸ்வேர்டு ஒரு ஆளுகிட்ட, கார்டு இன்னொரு ஆளுகிட்ட இருந்தா பத்திரம்னு நெனப்போம். அவுக தோஹால, நீங்க இங்கன. ரெண்டயும் நீங்களே சேத்துக் குடுத்துட்டீகளே அக்கா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உடனே புதுக் கணக்கில் இன்டர்நெட் வழி பணம் போகாதபடி நிறுத்தி வைத்தார்கள். சேர்ந்து வைத்த கணக்கு என்பதால் என் கையெழுத்து போதுமாம். பாங்குக்குப் போகாமல் நான் நம்பர் சொல்லியிருந்தால் இந்த மாதச் சோற்றுக்கும் காசு இருந்திருக்காது.

ஆக, ஆரிப் எடுக்கவில்லை. எனக்கு அவனை வாசலில் நிறுத்திய அந்த நாள்தான் கண்ணுக்குள் நிற்கிறது. பணம் திரும்பி வராது என்றுதான் யுவராணியின் பேச்சில் இருந்து தெரிகிறது. அது போகட்டும். மாடி இல்லாத வீட்டில் நான் காலம் முழுக்க இருந்துகொள்வேன், ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் ஏமாந்ததை நான் யாரிடமும் பேசவும் மாட்டேன். பயந்துபோய்ச் செய்தீர்கள். போர்டில் பெயர் பார்த்த பிள்ளை அப்படித்தான் செய்யும். எனக்குப் புரிகிறது.

ஆனால் ஷர்மினின் அத்தா சொல்லி அனுப்பிவிட்டார். பெருநாளுக்குள் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வர வேண்டுமாம், ஆரிப் மேல் குற்றம் இல்லை என்று. இல்லையென்றால் நிக்காஹ் இல்லை. ஒரு கல்யாணம் இப்படி நின்றால் இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யார் அவனுக்குப் பெண் கொடுப்பார்கள்? ஒரே ஒரு வரி எழுதுங்கள் மச்சான். எப்படிப் போயிற்று என்றுகூட எழுத வேண்டாம். ஆரிப் எடுக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்
ரஃபியா


தோஹா
21.9.2008

ரஃபியாவுக்கு,

நீ பாங்க்காரப் பெண்ணிடம் போய் என் மடத்தனத்தை விளக்கிவிட்டு வந்தாய். சந்தோஷம்.

நீ எழுதியது சரியாகவே இருக்கட்டும். விலாசத்தின் கடைசியை நானும் பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் பேசாதே.

கம்பத்துக்கு நான் எழுத மாட்டேன். ஆரிப் எடுக்கவில்லை என்று எழுதினால், அப்படியானால் யார் என்று அடுத்த கேள்வி வரும். ஷரீப் அண்ணன் கேட்பார், ஜமாஅத்தில் கேட்பார்கள், இங்கே கேம்ப்பில் நம்மூர்க்காரன் கேட்பான். நௌஷாத் தானே தூக்கிக் கொடுத்தான் என்று ஊர் சிரிக்கும். அதுவும் போர்டில் பெயரை ஒட்டுவதுதான். இந்த முறை ஒட்டுகிறவன் நானாக இருக்க வேண்டும் என்கிறாய். என்னால் முடியாது.

ஆரிப் சின்ன வயசு. இந்தப் பெண் இல்லாவிட்டால் வேறு பெண். ஊர் ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

நான் சொன்னது அப்படியே இருக்கிறது. அந்த வீட்டு வாசலை மிதிக்காதே.

நௌஷாத்


உத்தமபாளையம்
19.10.2008

நௌஷாத் மச்சானுக்கு,

ரஃபியாவின் ஸலாம்.

உங்கள் கடிதம் பெருநாளுக்கு முந்தின நாள் வந்தது. வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே வாசித்தேன். விலாசத்தின் கடைசியை நானும் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதுவரை உங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தெரியாமல் ஒருவனைத் திருடன் என்பது வேறு. தெரிந்த பிறகும் ஆறு மாதத்தில் மறந்துவிடும் என்பது வேறு. அந்த வரியை வாசித்தபோது வந்த ஆத்திரத்தில் தேங்காய் எல்லாம் கீழே கொட்டிவிட்டது.

பெருநாளுக்கு மறுநாள் சல்மாவைக் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். ஷர்மினின் அத்தா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பியும் ஜமாஅத்தில் இருந்து இரண்டு பெரியவர்களும் இருந்தார்கள். கல்யாணத்தை நிறுத்திவிட்டதாகச் சொல்லி அனுப்பத்தான் கூடியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் உட்காரவில்லை. வழி நெடுகப் பஸ்ஸில் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன், வாயில் வந்தது இவ்வளவுதான்: "எங்க வீட்டுக்காரர் கேட்டாக, நாந்தான் கார்டு நம்பர வாசிச்சேன். பாங்க் மாதிரி வேசம் போட்டு மெயில் அனுப்பி எங்க ரெண்டு பேரயும் ஏமாத்திட்டாக. ஆரிபுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல."

"இத உம் புருசன் சொல்லணும்லம்மா?" என்று ஷர்மினின் அத்தா கேட்டார்.

"அவுக சொல்ல மாட்டாக. அதான் நான் வந்தேன்" என்றேன்.

தஸ்பீஹ் உருட்டுகிற விரல் நின்றுவிட்டது. சல்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா, நானும் பக்கத்துல இருந்தேன், அம்மா வாய்ப்பாடு மாதிரி சொன்னாக, பால் பொங்கிருச்சு" என்றாள். உங்கள் மகள் சாட்சி சொன்னாள் மச்சான். அவள் குரலைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அவர் உள்ளே பார்த்து, "ஷர்மின், புள்ளைக்குப் பாயசம் கொண்டா" என்றார். பிறகு என்னிடம், "எங்க ஏலக்காய் கணக்கும் கம்ப்யூட்டர்லதான் ஓடுது. அந்த வெலாசம், கடைசின்னு பாங்க்ல என்ன சொன்னாக, எந்தம்பிக்கு இன்னொருக்கா வெவரமாச் சொல்லு" என்றார். சொன்னேன். அவர் தம்பி முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் அப்படி ஒன்று வந்திருக்கிறதாம், நல்லவேளையாக இன்னும் நிரப்பவில்லையாம்.

உங்கள் பெயரைச் சொல்லி அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நடந்தது. கருகமணியை நான்தான் கட்டினேன். முடிச்சு விழவில்லை, ஷர்மினே கழுத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாள். அதுவரை ஆரிப் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாண வேலை முழுவதும் அம்மா வழியாகத்தான் கேட்டான், அம்மா வழியாகத்தான் சொன்னான். மாலை போடுகிற நேரம் வந்ததும் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, எங்கள் மாமு, மாலையை எடுத்தார். அவர் கையை ஆரிப் பிடித்துக்கொண்டு, உள்ளே பெண்கள் பக்கம் என்னைப் பார்த்து, "அக்கா, மச்சான் போன் பண்ணாகளா?" என்று கேட்டான். அத்தனை பேர் முன்னால் ஷரீப் மச்சானிடம் ஏச்சு வாங்கிய பிள்ளை, உங்கள் போனுக்குக் காத்திருந்தான். இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்கப்புறம்தான் மாமுவைப் போடவிட்டான்.

ஷரீப் மச்சான் வரவில்லை. மறுநாள் வந்து, "புருசன் மானத்தக் கம்பத்துல போயி வித்துட்டு வந்துட்டீல்ல" என்றார். டீ குடிக்கக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். போர்டில் பெயரை ஒட்டினால் எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் உங்களுக்குத்தான் தெரியும். தெரிந்திருந்தும் என் தம்பி பெயரை ஒட்டினீர்கள். அதைக் கிழிக்க ஒரு வரி கேட்டேன், தரவில்லை. நான் போய்க் கிழித்துவிட்டு வந்தேன். இதற்காக நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் எடுங்கள். நான் உங்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அம்மா வீட்டுக்கும் போய் வருகிறேன். இரண்டு வாசலையும் மிதிப்பேன்.

மூன்று வெள்ளிக்கிழமையாக நீங்கள் போன் செய்து சல்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைக்கிறீர்கள். அவள் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அது எனக்குத் தாங்கவில்லை. அதனால் இனி வெள்ளிக்கிழமை போனை நான்தான் எடுப்பேன். கார்டைப் பற்றியோ கணக்கைப் பற்றியோ ஒன்றும் கேட்காதீர்கள், எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆரிப் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். அதைக் கேட்கவில்லை என்றால் சல்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

ரஃபியா